தீப்பொறி இடைவெளியைச் சீராக்கித் தந்த வைண்டிங் கடை

மதுரை பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மோட்டார் வைண்டிங் செய்யும் சிறிய கடை ஒன்றுக்கு, நானும் என் மகனும் வீட்டில் செய்த டெஸ்லா சுருளை (மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கும் கருவி) எடுத்துச் சென்றோம். அதற்கு மின்சாரம் தரும் 9,000 வோல்ட் நியான் விளக்கு மின்மாற்றி இரைந்ததே தவிர, இரு உலோக முனைகளுக்கு நடுவே பொறி பாயவேண்டிய தீப்பொறி இடைவெளியில் ஒரு பொறியும் விழவில்லை.

கடைக்காரப் பெரியவர் முதலில் மின்தேக்கியில் எஞ்சியிருந்த மின்னேற்றத்தை மின்தடை ஒன்றின் வழியாக வெளியேற்றினார். அந்தக் கவனமே எனக்கு நம்பிக்கை தந்தது. பிறகு இடைவெளியை அளந்தார். அது 6 மில்லிமீட்டர் இருந்தது. காற்று மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் தாங்கும் என்பதால், 9,000 வோல்ட் மாறுமின்னழுத்தம் தொடும் 12,700 வோல்ட் உச்சத்துக்கு அது அதிகம் என்று விளக்கி, 3 மில்லிமீட்டராகக் குறைத்தார்.

இணைப்பையும் மாற்றினார். நாங்கள் மின்தேக்கியை மின்மாற்றியின் குறுக்கே வைத்திருந்தோம். அந்த இடத்தில் தீப்பொறி இடைவெளியை வைத்து, மின்தேக்கியை டெஸ்லா சுருளின் முதன்மைச் சுருளோடு (மின்சாரம் முதலில் பாயும் சுருள்) தொடராக இணைத்தால், உயர் அதிர்வெண் அலைவுகள் மின்மாற்றியின் உட்சுற்றைத் தாக்குவது பெரிதும் குறையும் என்றார். இதை அவர் பொறுமையாக என் மகனுக்குப் படம் வரைந்து காட்டியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ரசீது தராததும், அரை நாள் காக்க வைத்ததும் குறைகள். கரி படிந்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்தபின், பொறி பளீரென்று சீராக வெடித்தது.