மூடப்படும் ஒரு டாலர் சந்தா: பேட்ரியானில் ஒரு சிறு ஆதரவாளனின் அனுபவம்

படைப்பாளிகளை ரசிகர்கள் மாதச் சந்தா தந்து ஆதரிக்கும் இணையதளமான பேட்ரியானில் நான் பல ஆண்டுகளாகச் சிறு சந்தாதாரன். ஒரு டாலர், மூன்று டாலர், மிஞ்சிப்போனால் ஐந்து. ஒரு வரலாற்று ஒலித்தொடர் (பாட்காஸ்ட்), ஓர் ஓவியர், வானியல் காணொளிகள் செய்யும் ஒருவர், பழைய கணினிகளைப் பழுதுபார்த்துக் காட்டும் ஒருவர் என்று என் பட்டியல் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் தங்களுடைய மிகக் குறைந்த சந்தா நிலையை, அதாவது தொகைக்கேற்பப் பிரித்த படிகளில் அடிப்படியை, மூடினார்கள், அல்லது அதன் விலையை ஏற்றினார்கள். தளத்தின் வசதிகளை அலசி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது இந்த மூடுதல்களைப் பற்றித்தான். ஒரே காரியத்தைச் சிலர் யார் மனமும் நோகாமல் முடித்தார்கள். சிலர் செய்த விதத்தில், அதுவரை விரும்பிக் கேட்டுவந்த தொடர்மீதே எனக்குச் சலிப்பு வந்துவிட்டது.

படைப்பாளிகளுக்கு நியாயமாக இருக்க வேண்டும் என்பதால் அவர்கள் பக்கத்துக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நான் தரும் ஒரு டாலர் அவர் கைக்கு ஒரு டாலராகப் போவதில்லை. மூன்று டாலர் வரையிலான தொகைக்குப் பணப்பரிமாற்றக் கட்டணமாக 5 சதவீதமும் அதற்குமேல் 10 சென்டும் கழிகின்றன. ஒரு டாலரில் இது 15 சென்ட். தளத்தின் பங்கு 8 சதவீதம் என்ற திட்டத்தில் இருப்பவருக்கு இன்னொரு 8 சென்ட் போகும். மிச்சம் 77 சென்ட். ஐந்து டாலர் சந்தா என்றால் பரிமாற்றத்துக்கு 2.9 சதவீதமும் 30 சென்டும், தளத்துக்கு 40 சென்டும் போக, சுமார் 4 டாலர் 15 சென்ட் நிற்கும். அதாவது ஒரு டாலரில் 23 சதவீதம் போகிறது, ஐந்து டாலரில் 17 சதவீதம் போகிறது. வித்தியாசம் உண்டு, ஆனால் ஒரு நிலையையே இழுத்து மூடவேண்டிய அளவுக்கு இல்லை. அதனால் 'கட்டணங்கள் கட்டுப்படியாகவில்லை' என்று வரும் கடிதங்களை நான் பாதிதான் நம்புவேன்.

உண்மையான செலவு அந்த நிலைக்குக் கொடுத்த வாக்குறுதிகளில் இருக்கிறது. தொடங்கும் காலத்தில் ஆதரவாளர் கிடைத்தால் போதும் என்ற ஆவலில் எதையும் எழுதிவிடுகிறார்கள்: காணொளியின் முடிவில் பெயர், மாதம் ஒரு கேள்வி-பதில், டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் தனி அறை, வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை. ஆதரவாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்வரை இவற்றால் தொல்லை இல்லை. நூறு இருநூறு என்று ஆனபின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பதே ஒரு வேலையாகிறது. நான் ஆதரித்த ஓவியர் மூன்று டாலருக்கு மாதம்தோறும் அச்சிட்ட அட்டை ஒன்றை உலகின் எந்த மூலைக்கும் அனுப்புவதாக அறிவித்திருந்தார். ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் அட்டையின் தபால்தலையை நான் பார்த்திருக்கிறேன். அதில் அச்சிட்டிருந்த தொகையையும் உறை, அச்சுக்கூலி ஆகியவற்றையும் கூட்டினால், என் மூன்று டாலரில் அவருக்கு மிஞ்சியது ஏதாவது இருந்திருக்குமா என்பதே சந்தேகம். அந்த நிலையை அவர் மூடியபோது எனக்கு வருத்தமே வரவில்லை. உண்மையில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் மூடிய விதத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதங்களுக்கு முன்பே கடிதம் வந்தது. தபால்தலை, அச்சு, உறை என்று வரவு செலவை அப்படியே எழுதியிருந்தார். புதியவர்கள் சேர்வதை அன்றே நிறுத்தினார். ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஆண்டு முடியும்வரை அட்டை வரும் என்றார், வந்தது. அதன்பிறகும் எங்கள் மூன்று டாலர் நிலையை அவர் நீக்கவில்லை. அட்டைக்குப் பதிலாக அதே ஓவியம் பெரிய அளவுக் கோப்பாக வந்தது. யாரையும் மேல்நிலைக்கு ஏறச் சொல்லி நெருக்கவில்லை. நான் இன்றும் அங்கே இருக்கிறேன்.

இருப்பவர்களை நோகடிக்காமல் மாற்ற வேண்டும் என்ற பாடத்தைப் பேட்ரியானும் அடிபட்டே கற்றது. ஜாக் காண்டி என்ற இசைக்கலைஞரும் சாம் யாமும் 2013-இல் தொடங்கிய தளம் அது. 2017 டிசம்பர் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: இனிமேல் ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9 சதவீதமும் 35 சென்டும் ஆதரவாளரிடமே கூடுதலாக வசூலிக்கப்படும். படைப்பாளிக்குக் கூடுதல் பங்கு போய்ச்சேரும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு டாலர் சந்தா 1 டாலர் 38 சென்ட் ஆகிறது. ஐந்து டாலர் சந்தா 5.50 ஆகிறது. கீழ்நிலையில் 38 சதவீத உயர்வு, ஐந்து டாலரில் 10 சதவீத உயர்வு. பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்துவந்தவர் 13 டாலர் 80 சென்ட் கட்ட வேண்டும். அதுவரை ஒருவருடைய சந்தாக்களைச் சேர்த்து மாதத்தின் முதல் தேதியில் ஒரே தொகையாகக் கார்டிலிருந்து எடுக்கும் வழக்கம் இருந்தது, அதனால் பரிமாற்றக் கட்டணம் பலருக்கிடையே பிரிந்தது. அந்தச் சேமிப்பு முழுவதும் ஒரே நாளில் போவதாக இருந்தது.

அடி யார்மீது விழுந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஐம்பது டாலர் கொடுக்கும் ஒருவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. சிறுசிறு தொகையைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்தவர்கள்தான் விலகத் தொடங்கினார்கள். ஆதரவாளர்கள் போவதைப் படைப்பாளிகள் பொதுவெளியில் பதறி எழுதினார்கள். டிசம்பர் 18 அன்று நடைமுறைக்கு வரவேண்டிய மாற்றத்தை, 13-ஆம் தேதியே மன்னிப்புக் கேட்டுக் கைவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த நிறுவனம் விலையை ஏற்றாமல் இல்லை. 2019 மே மாதம் தளத்தின் பங்கு 5, 8, 12 சதவீதம் என்று மூன்று திட்டங்கள் வந்தன. ஆனால் ஏற்கெனவே இருந்த படைப்பாளிகள் பழைய 5 சதவீதத்திலேயே தொடரலாம் என்றார்கள். 2025 ஆகஸ்டில் புதிதாகத் தொடங்குவோருக்கு 10 சதவீதம் ஆனது. அப்போதும் பழையவர்களின் விகிதத்தில் கைவைக்கவில்லை. புதியவருக்குப் புது விலை, பழையவருக்குப் பழைய விலை. தளம் தன் படைப்பாளிகளுக்குக் காட்டிய இந்த மரியாதையைப் படைப்பாளிகளில் எத்தனை பேர் தங்கள் ஆதரவாளர்களுக்குக் காட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. வசதி இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நிலையைப் புதியவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களை அப்படியே விட்டுவைக்கத் தளத்திலேயே வழி இருக்கிறது.

ஆனால் அந்த வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தது நான் மிகவும் விரும்பிய வரலாற்று ஒலித்தொடர். ஒரு டாலர் நிலையை அவர்கள் புதியவர்களுக்கு மூடினார்கள், பழையவர்களுக்கு எல்லாம் வழக்கம்போல என்று எழுதினார்கள். சில மாதங்களில் முன்கூட்டியே கிடைத்த அத்தியாயங்கள் வருவது நின்றது. பதிவு வெளியிடும்போது எந்தெந்த நிலையினர் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே மறைத்துவைத்த பழைய நிலையைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். மறதியாக இருக்கலாம். எழுதிக் கேட்டேன். "மூன்று டாலர் நிலைக்கு மாறிக்கொண்டால் எல்லாம் கிடைக்கும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஆக, மறதி கொள்கையாகிவிட்டது. பணம் மட்டும் மாதாமாதம் தவறாமல் கழிந்துகொண்டிருந்தது. விலையை நேராக ஏற்றியிருந்தால்கூட நான் தங்கியிருப்பேன். இப்படிச் சாரத்தை உறிஞ்சிவிட்டுச் சக்கையை வைத்திருந்ததால் கிளம்பிவிட்டேன்.

வானியல்காரர் செய்தது நேர் எதிர். ஒரு டாலர் நிலையை நீக்கினார், அதில் இருந்தவர்களிடம் 'இனி நீங்கள் பணம் தர வேண்டாம், இலவச உறுப்பினராக இருங்கள்' என்றார். 2023-இல் பேட்ரியான் இலவச உறுப்பினர் முறையைக் கொண்டுவந்த பிறகு இது சாத்தியமானது. கடிதமும் அன்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு டாலர் கொடுப்பவன் ஏதோ பொருள் வாங்குவதற்காகக் கொடுக்கவில்லை. தானும் இதில் ஒரு பங்கு என்பதற்காகக் கொடுக்கிறான். அந்தப் பங்கு வேண்டாம் என்று திருப்பித் தருவது எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் கொஞ்சம் குத்தத்தான் செய்கிறது. நான் மூன்று டாலருக்கு மாறினேன். அவருக்கு அது லாபம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இந்தியாவிலிருந்து கட்டுபவர்களுக்கு இந்தக் கதையில் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. வெளிநாட்டுப் படைப்பாளிகளுக்கு இவை பெரும்பாலும் தெரியாது. முதலாவது டாலர். 2017-இல் 65 ரூபாய்க்கு அருகில் இருந்த டாலர் 2025-இல் 85-ஐத் தாண்டிவிட்டது. யாரும் விலையைத் தொடாமலேயே என் சந்தா முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. அன்று மூன்று டாலர் என்றால் 195 ரூபாய். அதை ஐந்து டாலராக்கும்போது 425 ரூபாய் ஆகிறது. 'இரண்டு டாலர்தான், ஒரு காப்பி விலை' என்று கடிதத்தில் எழுதுகிறவருக்கு இங்கே காப்பி என்ன விலை என்று தெரியாது. இதற்குமேல் வங்கிகள் பலவும் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்க்கின்றன.

இரண்டாவது, தானாகக் கழியும் சந்தாக்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதி. 2021 அக்டோபர் 1 முதல் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. கார்டில் தொடர் பற்று வைக்க ஒருமுறை ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்புடன் ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வர வேண்டும். ஒப்புதலில் மாற்றம் செய்தால் மறுபடியும் சரிபார்ப்பு வேண்டும்.  விதி நல்ல விதி, நுகர்வோரைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்த அக்டோபரில் என் வங்கி என் சந்தாக்களை வரிசையாக நிராகரித்தது, ஒவ்வொன்றையும் கையால் கட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம்: சந்தாவை மாற்றப் போனால், மாறுவதற்குப் பதிலாக அறுந்துவிடுமோ என்று. படைப்பாளி 'ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்' என்று எழுதும் இடத்தில், இங்கிருக்கும் ஒருவருக்குக் கார்டு, ஓடிபி, வங்கியின் மறுப்பு என்று ஒரு மாலைப்பொழுதே போய்விடலாம். விலையேற்றத்தின்போது சத்தமில்லாமல் காணாமல் போகும் இந்திய ஆதரவாளர்கள் எல்லோரும் கோபித்துக்கொண்டு போனவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

யூடியூப் உறுப்பினர் சந்தாவில் இந்த இரண்டு தொல்லைகளும் குறைவு. 29 ரூபாய், 59, 159 என்று உள்ளூர் விலையிலேயே நிலைகள் இருக்கின்றன. ஆனால் வருமானத்தில் 30 சதவீதம் யூடியூபுக்குப் போகிறது. நான் பார்த்தவரை அங்கே கீழ்நிலை பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முத்திரை, சில எமோஜிகள் என்பதோடு நிற்கிறது. உழைப்பு தேவைப்படும் வாக்குறுதிகள் இல்லாததால் மூடவேண்டிய அவசரமும் இல்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. செயலிக்குள் நடக்கும் சந்தாக்கள் தன் கட்டணமுறை வழியாகத்தான் போக வேண்டும் என்று ஆப்பிள் கட்டாயப்படுத்துவதாக 2024 ஆகஸ்டில் பேட்ரியான் அறிவித்தது. ஐபோன் செயலியில் புதிதாகச் சேருவோர் தரும் பணத்தில் ஆப்பிளின் பங்கு 30 சதவீதம் வரை. அந்தச் சுமையைத் தானே தாங்குவதா, செயலியில் மட்டும் விலையை ஏற்றுவதா என்பது படைப்பாளியின் முடிவு. அதனால் ஒரே நிலைக்கு இரண்டு விலை இருக்கலாம். உலாவியில் தளத்துக்குப் போய்ச் சேருங்கள். இதே கெடுபிடியால்தான் மாதக்கணக்கில் அல்லாமல் படைப்புக்கு இவ்வளவு என்று கட்டும் பழைய முறைக்கும் முடிவு குறித்தார்கள், காலக்கெடு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. எனக்கு மிகப் பிடித்த முறை அது. கணினி பழுதுபார்ப்பவர் மூன்று மாதம் எதுவும் வெளியிடாவிட்டால் என் பணமும் மூன்று மாதம் போகாது. இருவருக்கும் குற்ற உணர்வு இல்லை. அவர் முன்கூட்டியே மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டார். மாறிய அன்றே, வேலை எதுவும் வெளிவராத மாதங்களில் வசூலை நிறுத்திவைப்பேன் என்று எழுதினார், அப்படியே செய்தும் வருகிறார்.

நிலையை மாற்றுவதாகக் கடிதம் வந்தால் நான் இப்போது மூன்றைத்தான் தேடுகிறேன். மாற்றம் எந்தத் தேதியிலிருந்து, பழையவர்களுக்கு என்ன ஆகும், அந்த ஏற்பாடு எவ்வளவு காலத்துக்கு. மூன்றாவதை எழுதுபவர்கள் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் தன் அடிப்படைத் திட்டத்தைக் கனடாவிலும் பிரிட்டனிலும் 2023-இல் புதியவர்களுக்கு மூடியபோது பழையவர்கள் தொடரலாம் என்றது. 2024-இல் அவர்களுக்கும் அதை நிறுத்தியது. தனியாள் படைப்பாளி அவ்வளவு தூரம் திட்டமிட மாட்டார் என்றாலும், 'குறைந்தது ஓராண்டு' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் எங்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்ள வசதி. கடிதம் வந்த அடுத்த மாதம் கார்டுக் கணக்கில் எவ்வளவு கழிந்தது என்று பார்ப்பேன், பிறகு தளத்தில் புதிய பதிவு ஒன்றைத் திறந்து பார்ப்பேன். இரண்டும் சரியாக இருந்தால் அப்படியே தொடர்கிறேன். வரலாற்று ஒலித்தொடரைப் பொறுத்தவரை, பொதுவில் வரும் அத்தியாயங்களை விளம்பரங்களோடு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.