பிரஸ்ஸில் கை போனால் முதல் வாரத்திலேயே ஏமாற்றிவிடுவார்கள், கவனம்

அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஓசூர் பக்கம் பிரஸ் ஷாப்பில், அதாவது இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டும் பட்டறையில், உங்கள் வீட்டுப் பிள்ளை வேலை பார்த்தால் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். 2022 ஆகஸ்டில் என் தம்பிக்கு வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. அப்போது அவனுக்கு 23 வயது. விபத்து ஒரு கொடுமை என்றால், அடுத்த ஆறே நாளில் எங்களை ஏமாற்றியது இன்னொரு கொடுமை.

அம்பத்தூரில் எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன ஷாப் அது. 40 டன் பவர் பிரஸ். தகட்டைக் கையால் டைக்குள் (வெட்டும் அச்சுக்குள்) வைத்துப் பெடலை மிதித்தால், ஒரு ஸ்ட்ரோக் இறங்கி மேலே போய் நிற்க வேண்டும். கிளட்சுக்குள் இருக்கும் சாவி என்கிற இரும்புத் துண்டு தேய்ந்துபோனால் நிற்காது, தானாகவே இன்னொரு தடவை இறங்கும். டபுள் ஸ்ட்ரோக் என்பார்கள். அந்த வாரம் மட்டும் மூன்று முறை அப்படி இறங்கியிருக்கிறது. தம்பி சொன்னதற்கு, "இந்த ஆர்டர் போகட்டும்ப்பா, பாத்துக்கலாம்" என்றிருக்கிறார் சூப்பர்வைசர். டைக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பையும், வேலை தாமதமாகிறது என்று கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். பீஸை எடுக்கக் கை உள்ளே போனபோது அவன் கால் பெடலில் இல்லை. பிரஸ் இறங்கிவிட்டது.

கையில் வேஸ்ட் துணியைச் சுற்றி, பைக்கில் நடுவில் உட்காரவைத்து, முதலாளிக்குத் தெரிந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். விரல்களை யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் நான் ஷாப்புக்குப் போய்க் கேட்டபோது, கூட வேலை செய்யும் பையன் ஒன்றும் பேசாமல் பிரஸ்ஸுக்குக் கீழே இருந்த ஸ்கிராப் டிரேயைக் காட்டினான். வெட்டுத் தகடுகளுக்கு நடுவே, எண்ணெய் படிந்து, இரண்டும் கிடந்தன. பிரஸ் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. நசுங்கிய விரலை ஒட்டவைக்க முடியுமா என்று அங்கே இருப்பவர்கள் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாய்ப்பையே எங்களுக்குத் தரவில்லை. துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. இதை அன்றைக்கு எங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

நர்சிங் ஹோம் சீட்டில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? 'வீட்டு இரும்புக் கதவில் நசுங்கியது.' "கம்பெனின்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும் தம்பி, ட்ரீட்மென்ட் லேட்டாகும்" என்று சூப்பர்வைசர் சொன்னதை நம்பி, வலியில் இருந்தவனும் தலையாட்டிவிட்டான்.

ஆறாம் நாள் முதலாளி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். ஒரு கவரில் 60,000 ரூபாய். "வவுச்சருக்குத்தாம்மா" என்று முத்திரைத்தாளில் அம்மாவிடம் கையெழுத்தும் தம்பியிடம் இடது கைப் பெருவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டார். ஒரு தாளில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. கை ஆறியதும் லேசான வேலை தருகிறேன் என்றார். மூன்று மாதம் கழித்துப் போனபோது ஆள் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு தொழிற்சங்க வக்கீலைப் பார்த்தபோதுதான் கணக்கே தெரிந்தது. அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில், ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு. தம்பியின் சம்பளம் 14,500. அதில் 60 சதவீதம் 8,700. அதை 23 வயதுக்குச் சட்ட அட்டவணையில் இருந்த 219.95-ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் 3,82,713 ரூபாய். எங்களுக்குக் கொடுத்தது அறுபதாயிரம்! இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்தத் தாளும் அந்தச் சட்டப்படி செல்லாது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். அந்தச் சட்டத்தில் இழப்பீடு கேட்பதற்கு இரண்டு வருடக் கெடு. நாங்கள் மனு போட்டபோது கெடு முடிய இரண்டே மாதம் பாக்கி.

இவர் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை என்று பதில் போட்டார்கள். சம்பளம் கையில்தான் கொடுப்பார்கள், வேலை நியமனக் கடிதம் கிடையாது. எங்களைக் காப்பாற்றியது, தீபாவளி அட்வான்ஸ் ஜிபேயில் வந்த பதிவும், நைட் ஷிஃப்டுக்கு வரச் சொல்லி சூப்பர்வைசர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும்தான். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி இதையெல்லாம் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடமென்றால் ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) எண் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். அடிபட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய், எந்த மெஷினில், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்லி ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு போடவையுங்கள். நகலைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

குறுக்கு விசாரணையில் அந்தக் கதவைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் இரும்புக் கதவே கிடையாது. வாசலிலும் பின்பக்கமும் மரக்கதவுதான். அதை போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கிறோம். டிரேயைக் காட்டிய பையன் இப்போது வேறு ஷாப்புக்கு மாறிவிட்டான். சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறான்.