பழைய கொம்பியூட்டரில புதுக் கார்ட் போடுற ஆக்களுக்கு: ஐஆர்க்யூ சண்டையோட கனகால அனுபவம்

திருகோணமலையில ஸ்டிக்கர் வெட்டுற கடை வச்சிருக்கிறன், ஓட்டோ, போட் நம்பர், கடை போர்ட் இதுகள்தான் வேலை. வெட்டுற பிளொட்டர் சீரியல் போர்ட்டில ஓடுறது, அதின்ட சொஃப்ட்வெயாருக்கு பிரிண்டர் போர்ட்டில டொங்கிள் (சொஃப்ட்வெயாரைத் திறக்கிற திறப்பு மாதிரி ஒரு சின்னச் சாமான்) குத்தோணும், விண்டோஸ் 98ஐ விட்டா வேற எதிலயும் ஓடாது. அதால 440பிஎக்ஸ் மதர்போர்ட் உள்ள பழைய பென்டியம் 2 கொம்பியூட்டர் ஒண்டு இன்னும் உழைச்சுக் குடுக்குது. தூக்கி எறியுங்கோ அண்ணை எண்டு வாறவன் போறவன் எல்லாம் சொல்லுறான், புதுப் பிளொட்டரின்ட விலையை மட்டும் ஒருத்தரும் சொல்லுறேல்ல.

டிசைன் செய்யிறது புது கொம்பியூட்டரில, அதில இருந்து ஃபைல் எடுக்கத்தான் இதுக்குள்ள ஐஎஸ்ஏ (பழைய வகை ஸ்லொட்) நெட்வொர்க் கார்ட் ஒண்டு போட்டது. கார்ட் தனிய வேலை செய்யும், பிளொட்டரும் தனிய வேலை செய்யும், ஆனா ஃபைல் வந்துகொண்டிருக்கேக்க வெட்டினா எழுத்தின்ட நடுவில கத்தி நிண்டிடும், அந்தத் துண்டு குப்பைக்கு. கேபிள் எண்டார் ஒருத்தர், டிரைவர் எண்டார் இன்னொருத்தர். விசயம் வேற, ஐஆர்க்யூ. கார்ட் ஒண்டு 'என்னைக் கவனி' எண்டு ப்ரொசெசரைக் கூப்பிடுற லைன்தான் அது. பிளொட்டர் கொளுவின ரெண்டாவது சீரியல் போர்ட், கொம்2, வழமையா 2எஃப்8 அட்ரஸ் (ப்ரொசெசர் அதோட கதைக்கிற இடத்தின்ட நம்பர்), ஐஆர்க்யூ 3. அந்தக் கார்டும் வரேக்கயே ஐஆர்க்யூ 3 இலதான் வந்தது. பிறகு வந்த பிசிஐ வகைக் கார்டுகள் ஒரு ஐஆர்க்யூவைப் பங்கிடும், ஐஎஸ்ஏ பொதுவா பங்கிடாது, அதால ரெண்டும் ஒண்டா ஓடேக்க சண்டை.

மொத்தமே 0 தொடக்கம் 15 வரை 16 லைன்தான். டைமர் 0, கீபோர்ட் 1, ரெண்டாவது ஐஆர்க்யூ கொன்ட்ரோலரைக் கொளுவ 2, சீரியல் ரெண்டுக்கும் 4உம் 3உம், ஃபிளொப்பி 6, பிரிண்டர் 7, மணிக்கூடு 8, பிஎஸ்2 மவுஸ் 12, கணக்குச் சிப் 13, ஹார்ட் டிஸ்க் 14, 15. மிச்சம் 5, 9, 10, 11, இதுக்குள்ளதான் சவுண்ட், நெட்வொர்க், யூஎஸ்பி, டிஸ்பிளே எல்லாம் இடம் பிடிக்கோணும், பஸ்ஸில சீற் பிடிக்கிற மாதிரி.

அதால கார்டைக் குத்த முதல் பேப்பர்ல எழுதுங்கோ. டிவைஸ் மேனேஜர்ல மேல இருக்கிற கொம்பியூட்டர் எண்டதை டபுள் கிளிக் பண்ணினா ஆர் ஆர் எந்த ஐஆர்க்யூவில எண்டு வரிசையா வரும். சவுண்ட் கார்டை வழமையான அட்ரஸ் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ (ப்ரொசெசரைக் கேக்காமல் நேரா மெமரிக்குப் போற வழி) 1 இலயே விட்டன். நெட்வொர்க் கார்டுக்கு டொஸ்ஸில அதின்ட செட்டப் ஃபிளொப்பியைப் போட்டு ஐஆர்க்யூ 10, அட்ரஸ் 300 குடுத்தன். 320 குடுக்கலாம்தானே எண்டு கேப்பியள், இது மாதிரி என்ஈ2000 வகை நெட்வொர்க் கார்ட் 32 அட்ரஸ் எடுக்கும், 33எஃப் வரைக்கும் போகும், சவுண்ட் கார்டின்ட மிடி (இசைக்கருவி கொளுவுற பகுதி) அட்ரஸ் 330 அதுக்குள்ள விழுந்திடும்.

பிறகுதான் முக்கியமான வேலை. பயோஸில (கொம்பியூட்டர் தொடங்கேக்க வாற செட்டப்) பிஎன்பி, அதாவது பிளக் அண்ட் பிளே, பக்கத்தில ஐஆர்க்யூ 5ஐயும் 10ஐயும் லெகசி ஐஎஸ்ஏ எண்டு ஒதுக்கி வைக்கோணும், இல்லாட்டி பிசிஐ கார்ட் ஏதாவது வந்து ஏறிக் குந்திடும். ரீசெட் கொன்ஃபிகரேஷன் டேட்டாவையும் ஒருக்கா யெஸ் குடுங்கோ. அப்பவும் டிவைஸ் மேனேஜர்ல சண்டையைக் காட்டுற மஞ்சள் குறி போகாட்டி சேஃப் மோட்ல போய்ப் பாருங்கோ, கழட்டின கார்டுகள் எல்லாம் பேய் மாதிரி லிஸ்டில நிக்கும், அழிச்சு விடுங்கோ. என்னைக் கேட்டா ஜம்பர் (கையால குத்தி ஐஆர்க்யூவை மாத்துற சின்ன மூடி) வச்ச கார்ட்தான் நல்லது, வச்ச இடத்தில கிடக்கும், பிளக் அண்ட் பிளே நினைச்ச நேரம் இடம் மாறும்.

பிசிஐ கார்ட் எண்டா ஏஜிபிக்கு (டிஸ்பிளே கார்ட் குத்துற ஸ்லொட்) பக்கத்து ஸ்லொட்டைத் தவிருங்கோ, கனக்க போர்டுகளில அது டிஸ்பிளேயோட ஒரே லைன். ஸ்லொட்டை மாத்தினா ஐஆர்க்யூவும் மாறும், அவ்வளவுதான்.

கனகாலம் பாவிக்கேக்க வந்த கரைச்சல் ரெண்டு. எங்கட உப்புக்காத்துக்கு கார்டின்ட பல்லு கறுத்துப் போகும், அப்ப கார்டே காணாமல் போய் பார்த்தா கொன்ஃபிளிக்ட் மாதிரித்தான் தெரியும், அழிறப்பரால தேய்ச்சிட்டுக் குத்தினா சரி. மற்றது பற்றரி. 2022 பவர்கட் நேரம் கறன்ட் இல்லாமல் மணிக்கணக்கில கிடந்து சீஆர்2032 செத்துப்போச்சு, பயோஸில ஒதுக்கினதெல்லாம் அழிஞ்சு பழைய சண்டை திரும்பத் தொடங்கிட்டுது. பற்றரியை மாத்தி, பயோஸ் பக்கம் எல்லாத்தையும் ஃபோன்ல படம் எடுத்து வச்சிருக்கிறன்.

இன்னொண்டு, இதெல்லாம் ஏன், பிசிஐ சீரியல் கார்ட் ஒண்டு போடுங்கோவன் எண்டு கடைக்காரர் சொன்னா வாங்க முதல் யோசியுங்கோ. அதுகள் பெரும்பாலும் கொம்1, கொம்2 இன்ட வழமையான 3எஃப்8, 2எஃப்8 அட்ரஸில வராது, பழைய வெட்டுற சொஃப்ட்வெயார் அந்த ரெண்டையும் விட்டு வேற இடத்தில தேடாது.