அன்சிபிள்: ஏஜென்ட் இல்லாமலே சர்வர்களை மேய்க்கலாம்

சர்வருக்குச் சர்வர் ஏஜென்ட் (உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் உதவி நிரல்) போட்டு, அப்புறம் அது ஓடுகிறதா என்று பார்க்க இன்னொன்று போட்டு அலுத்தவர்களுக்கு பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவியான அன்சிபிள் பெரிய நிம்மதி. 2012-இல் மைக்கேல் டிஹான் தொடங்கியது, 2015-இல் ரெட் ஹேட் வாங்கிவிட்டது. லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச்சும் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் வழி) பைத்தான் மொழியும் இருந்தால் போதும். சின்ன நிரல் ஒன்றை அங்கே அனுப்பி, ஓட்டி, விடையை வாங்கிக்கொண்டு, தற்காலிகக் கோப்பையும் அழித்துவிட்டு வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது, பிளேபுக்கை (செய்ய வேண்டியவற்றை எழுதி வைக்கும் கோப்பு) மறுபடி ஓட்டினாலும் ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாமல் பச்சையில் ‘ஓகே’ என்றும், மாற்றியதை மட்டும் மஞ்சளிலும் காட்டுவது. (கட்டளையை அப்படியே ஓட்டும் ஷெல் மாட்யூலில் இந்தச் சமர்த்தை எதிர்பார்க்காதீர்கள்.) பிளேபுக் எழுதும் வடிவமான யாமலில் ஒரு ஸ்பேஸ் தள்ளிப்போனால் முரண்டு பிடிக்கும், பழகிவிடும்.

வேகம்தான் குறை. நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 5 சர்வர்களைத்தான் தொடும். ஒரே நேரத்தில் எத்தனை என்று சொல்லும் ஃபோர்க்ஸ் எண்ணை ஏற்றி, எஸ்எஸ்எச் போக்குவரத்தைக் குறைக்கும் பைப்லைனிங்கையும் போட்டால் தேறும். விண்டோஸுக்கு, எஸ்எஸ்எச்சின் இடத்தில் வரும் வின்ஆர்எம் அமைப்பது தனித் தலைவலி.

கண்காணிப்புக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். நீங்கள் ஓட்டினால்தான் பார்க்கும், நள்ளிரவில் டிஸ்க் நிரம்பினால் எழுப்பாது. அதற்குக் கண்காணிப்புக் கருவியான ஜாபிக்ஸ் சரி, அதிலும் ஏஜென்ட் இல்லாமல் எஸ்எஸ்எச் வழியாகவே டிஸ்க்கைப் பார்க்கலாம்.