பழைய ஆபீஸ் கணினியில் லினக்ஸ் மின்ட்: வீட்டுக் கோப்பு சர்வராக நெடுநாள் ஓட்டியதில் தெரிந்தவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறைச் சிப் உள்ள கையடக்க ஆபீஸ் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. அதனால் கரோசெல்லில் (பழைய பொருள் விற்கும் தளம்) இவை மலிவாகவே கிடைக்கின்றன. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு (இலகுவான டெஸ்க்டாப்), யுஎஸ்பி வழியே ஒரு 4 டிபி வட்டு. நான்கைந்து பேர் உள்ள சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு இதற்கு மேல் தேவையில்லை. சாம்பா (கோப்புகளை வீட்டு வலையமைப்பில் பகிரும் மென்பொருள்) கேட்கும் வேலைக்கு இந்தச் சிப்பே அதிகம்.

தொல்லை வேறு பக்கம் இருந்து வருகிறது. முன்னால் ஒருவர் உட்கார்ந்து லாகின் செய்வார் என்று நம்பிக் கட்டப்பட்டது டெஸ்க்டாப் லினக்ஸ். சர்வருக்கு முன்னால் யாரும் உட்காருவதில்லை. மாதக்கணக்கில் ஓட்டும்போது தலைகாட்டும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு முரணில் பிறந்தவை.

முதலில் வட்டு. யுஎஸ்பி வட்டைச் செருகியதும் டெஸ்க்டாப் தானாகவே அதை மீடியா அடைவுக்குள் (ஃபோல்டர்), உங்கள் பயனர் பெயருக்குக் கீழே ஏற்றிவிடும், அதாவது பயன்பாட்டுக்கு இணைத்துவிடும். பார்க்க வசதிதான். ஆனால் அந்த அடைவுக்குள் நுழைய அந்த ஒரு பயனருக்கு மட்டுமே அனுமதி உண்டு. மனைவியின் கணக்கில் சாம்பாவுக்குள் வந்தால் "அனுமதி இல்லை" என்று வருவது இதனால்தான். சாம்பா அமைப்பைக் குடைந்து பயனில்லை. இன்னொன்று, மின்சாரம் போய் வந்தபின் யாரும் லாகின் செய்யாவிட்டால் வட்டு ஏறவே ஏறாது.

வட்டை இஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான வட்டு வடிவம்) ஆக ஃபார்மட் செய்து, எஸ்ஆர்வி அடைவுக்குள் ஒரு இடம் ஒதுக்கி, யுயுஐடியைக் (வட்டின் தனி அடையாள எண்) கொடுத்து எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது ஏற்ற வேண்டிய வட்டுகளின் பட்டியல்) எழுதிவிடுங்கள். அந்த வரியில் நோஃபெயில் (வட்டு இல்லாவிட்டாலும் பூட் ஆகு என்ற தெரிவு) சேர்க்க மறக்கக் கூடாது. அது இல்லாமல் வட்டு கழன்றிருந்தால் கணினி பூட் ஆகாமல் அவசரநிலை முனையத்தில் போய் நிற்கும். நோஃபெயில் போட்டால் வேறொரு ஆபத்து இருக்கிறது. வட்டு ஏறாத நாளில் அந்த அடைவு வெறும் அடைவாக நிற்கும், வந்து சேரும் படங்களெல்லாம் எஸ்எஸ்டியில் எழுதப்படும், 256 ஜிபி நிரம்பியதும் டெஸ்க்டாப் லாகினே நின்றுபோகும். இதைத் தடுக்க, வட்டு ஏற்றப்படாத நிலையில் அந்த வெற்று அடைவைச் சாட்டர் கட்டளையால் மாற்றமுடியாதபடி பூட்டுங்கள். பூட்டிய அடைவின் மேல் வட்டு வழக்கம்போல ஏறும்; வட்டு இல்லாதபோது எழுதத்தான் முடியாது.

இஎக்ஸ்டி4 இயல்பாக 5 விழுக்காட்டை ரூட்டுக்கென (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கிவைக்கும். 4 டிபி வட்டில் அது 200 ஜிபி. தரவு மட்டும் வைக்கும் வட்டில் அதை டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு 1 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ளலாம்.

மின்ட் நிறுவும்போது வீட்டு அடைவை (பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்குமிடம்) என்கிரிப்ட் செய்யட்டுமா என்று கேட்கும். சர்வருக்கு வேண்டாம். லாகின் செய்தால்தான் அந்த அடைவு திறக்கும். போதாக்குறைக்குக் கோப்புப் பெயரின் நீளமும் 143 பைட்டாகச் சுருங்கிவிடும்.

கோப்புப் பெயர் நீளம் தமிழருக்கென்றே அமைந்த தலைவலி. லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்று வட்டு வடிவத்தை மாற்றினாலும் இதே வரம்புதான். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, அதன் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள்) 3 பைட் எடுக்கும். "கொண்டாட்டம்" என்ற 6 எழுத்துச் சொல்லில் 11 குறிகள், ஆக 33 பைட். மொத்தமாகப் பார்த்தால் 85 குறிகளுக்கு மேல் தமிழ்ப் பெயர் வைக்க முடியாது. விண்டோஸோ 255 குறி வரை ஏற்கும். யூடியூபிலிருந்து முழுத் தலைப்போடு இறக்கிய பட்டிமன்றப் பதிவு விண்டோஸில் நன்றாக ஓடும், சர்வருக்கு நகலெடுக்கும்போது மட்டும் முரண்டுபிடிக்கும். வட்டையோ கேபிளையோ சந்தேகப்படுவதற்கு முன் பெயரை வெட்டிப் பாருங்கள்.

பழைய மேக் வட்டிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி கொண்டு நகலெடுத்தால் இன்னொரு விசித்திரம். மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு வடிவம் ஒகர உயிர்மெய்யைப் பிரித்துச் சேமிக்கும். "பொங்கல்" என்ற அடைவுப் பெயரில் ஒகரத்துக்கு உள்ள ஒற்றைக் குறி, அங்கே ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகிவிடும். விண்டோஸிலிருந்து வந்த "பொங்கல்" வேறு, மேக்கிலிருந்து வந்த "பொங்கல்" வேறு என்று லினக்ஸ் இரண்டையும் அருகருகே வைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடல் ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிடும். பெயர்களை மாற்றும் கான்வ்எம்வி கருவியின் என்எஃப்சி (சேர்த்து எழுதும் வடிவம்) தெரிவு அனைத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். முதலில் சோதனை ஓட்டம். இரண்டு அடைவுகளும் ஏற்கெனவே இருந்தால் உள்ளடக்கத்தை ஒன்றாக்கிவிட்டுத்தான் பெயரை மாற்ற வேண்டும்.

வலையமைப்பில் சொல்ல அதிகமில்லை. ரூட்டரில் சர்வரின் எம்ஏசி முகவரிக்கு (வலையமைப்பு வன்பொருளின் அடையாள எண்) நிலையான ஐபி ஒதுக்குங்கள். கேட் 5இ கேபிளில் கிகாபிட் இணைப்பு வினாடிக்கு 110 எம்பி அளவில் தரும். 11 எம்பியிலேயே நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது; கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று போனாலும் இப்படி ஆகும். வைஃபையில் ஓட்டுவது நல்லதல்ல. வேறு வழியில்லை என்றால் அந்த இணைப்பை "எல்லாப் பயனர்களுக்கும்" என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் கடவுச்சொல் பயனரின் சாவிக்கொத்துக்குள் இருந்துகொண்டு லாகினுக்குக் காத்திருக்கும். விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் சர்வர் தெரிய டபிள்யூஎஸ்டிடி தொகுப்பு வேண்டும். கடவுச்சொல் கேட்காத விருந்தினர் பகிர்வைப் புதிய விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும், ஆளுக்கொரு சாம்பா கணக்கு போட்டுவிடுவதே நிம்மதி. சாம்பா பயன்படுத்தும் 445 துறையை (போர்ட்) இணையத்துக்கு எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வெளியிலிருந்து வர வயர்கார்டு (விபிஎன் மென்பொருள்) போதும்.

எங்கே வைப்பது? வீவக வீடுகளில் பலரும் பாம்ப் ஷெல்டரைத்தான் (வீட்டுக்குள் உள்ள பாதுகாப்பு அறை) முதலில் பார்ப்பார்கள். கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை விழுங்கிவிடும், கதவைச் சாத்தினால் வெப்பமும் உள்ளேயே தங்கும். அறையே 31 டிகிரி இருக்கும் ஊரில், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் உள்ள 3.5 அங்குல வட்டு நீண்ட நகலெடுப்பின்போது 50 டிகிரியைத் தொடும். பல வட்டுகளுக்கு உற்பத்தியாளர் தரும் மேல்வரம்பு 60. வட்டின் நலம் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொண்டு வெப்பநிலையையும் 5, 197, 198 எண் பதிவுகளையும் (வட்டில் பழுதான, பழுதாகக்கூடிய இடங்களின் எண்ணிக்கை) மாதம் ஒருமுறை பாருங்கள். 197 ஏறத் தொடங்கினால் புது வட்டுக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான். 199 (தரவுப் பரிமாற்றப் பிழை) மட்டும் ஏறினால் வட்டைக் குற்றம் சொல்லாமல் கேபிளையும் பெட்டியையும் மாற்றிப் பாருங்கள்.

இடி மழையிலோ வாட்டர் ஹீட்டர் கசிவிலோ ஆர்சிசிபி (மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், மீண்டும் தூக்கிவிட்டதும் சர்வர் தானாக எழ வேண்டும். பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) மின்சாரம் திரும்பியதும் இயங்கும்படி அமைக்கலாம். அதோடு அந்த அமைப்பை நினைவில் வைக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்: ஆண்டுகள் பழைய இயந்திரத்தில் அது செத்திருந்தால், மின்சாரம் போகும்போதே அந்த அமைப்பும் அழிந்துவிடும் மாடல்கள் உண்டு. எல்லாம் முடிந்ததும் மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றி, முறையாக ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். லாகின் செய்யாமலே ஐந்து நிமிடத்தில் கைத்தொலைபேசியிலிருந்து கோப்பு திறந்தால்தான் அது சர்வர்.

மின்கட்டணம்: கணினியும் வட்டும் சேர்ந்து சராசரி 15 வாட் என்றால் ஆண்டுக்குச் சுமார் 131 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 40 வெள்ளிக்குள் அடங்கும். 60 வாட் இழுக்கும் பழைய டவர் கணினிக்கு 158 வெள்ளி ஆகும். டவர் இலவசமாகக் கிடைத்தாலும் இலாபமில்லை.

காப்பு நகலுக்கு இரண்டாவது வட்டும் ஆர்சிங்கும் போதும். அழித்தல் தெரிவோடு (மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும்) ஓட்டும்போது, மூல வட்டு ஏறியிருக்கிறதா என்று ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மவுன்ட்பாயின்ட் கட்டளையால் சோதியுங்கள். வெற்று அடைவை மூலமாகக் கொடுத்தால் ஆர்சிங்க் சொன்னதைச் செய்யும்: காப்பு நகலையும் காலியாக்கிவிடும்.

சுபுன்டு, லுபுன்டு என்ற மற்ற லினக்ஸ் வகைகள் இரண்டும் இதைவிட மெலிந்தவையாகச் சொல்லப்பட்டாலும், அவற்றின் 24.04 பதிப்புக்கு ஆதரவு மூன்றே ஆண்டுகள். மின்ட் 22-க்கு 2029 வரை உண்டு. சர்வரில் சில நூறு எம்பி ரேம் மிச்சத்தைவிட அந்த இரண்டு ஆண்டுகள் பெரிது. ரேம் மிச்சம் வேண்டுமென்றால் தொடக்க இலக்கை மல்டியூசருக்கு (டெஸ்க்டாப் இல்லாமல் எழும் நிலை) மாற்றுங்கள். டெஸ்க்டாப் வட்டில் இருக்கும், கேட்டால் மட்டும் வரும். சிறுபடம் தயாரிக்கிறேன் என்று வட்டைத் தூங்கவிடாமல் குடையும் டம்ப்ளர் நிரலும் அடங்கும். அதே கணினியை டிவியோடு இணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.