சம்பளமா, மதிப்புப் புள்ளியா: கூடைப்பந்து அணிக்கு எதைக் கொண்டு வரம்பு கட்டுவது?

1997-98 சீசனில் அமெரிக்காவின் என்பிஏ லீக், ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்துக் கொடுப்பதற்கு வகுத்திருந்த சம்பள உச்சவரம்பு 2.69 கோடி டாலர். அதே சீசனில் சிகாகோ புல்ஸ் அணி மைக்கேல் ஜோர்டன் ஒருவருக்கு மட்டும் கொடுத்த சம்பளம் 3.31 கோடி டாலர். இதில் விதிமீறல் ஏதும் இல்லை. தன்னிடம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் வீரரைத் தக்கவைத்துக்கொள்வதற்காக உச்சவரம்பைத் தாண்டலாம் என்ற விதிவிலக்கு அந்த விதிக்குள்ளேயே இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகும் பண்ணைகள் எப்படிப் பண்ணைகளாகவே நீடித்தன என்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே தொகை, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை என்ற கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, தாண்டுவதற்கென்றே கட்டப்பட்ட வரம்பு சற்று விசித்திரமாகத்தான் இருக்கும்.

பணமுள்ள அணியே எல்லா நட்சத்திரங்களையும் வாரிக்கொண்டு போகாமல் தடுப்பது எப்படி என்ற கேள்விக்குத் தொழில்முறைக் கூடைப்பந்து இரண்டு வேறுபட்ட விடைகளை முயன்று பார்த்திருக்கிறது. ஒன்று, அணி செலவிடும் பணத்தை அளப்பது. இது என்பிஏ வழி. மற்றொன்று, வீரரின் திறமைக்கே மதிப்புப் புள்ளி போட்டு, ஓர் அணியின் புள்ளிகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு வரம்பு கட்டுவது. ஆஸ்திரேலியாவின் என்பிஎல் லீக் 2016 வரை வைத்திருந்த வழி இது. இவற்றுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தின் 14 புள்ளி விதியையும் வைத்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஆஸ்திரேலிய வழியின் உடன்பிறப்பைப் போலத் தெரியும். உண்மையில் அது வேறு குடும்பம்.

என்பிஏ உச்சவரம்பு 1984-85 சீசனில் அணிக்கு 36 லட்சம் டாலர் என்ற அளவில் தொடங்கியது. 2025-26 சீசனில் அது 15.46 கோடி டாலர். இதை ஒரு சுவர் என்று நினைப்பதைவிட, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய படிகள் என்று நினைப்பது பொருத்தம். உச்சவரம்பைத் தாண்டிய அணி வெளியிலிருந்து வீரர்களை எடுப்பது கடினமாகிறது, ஆனால் தன் வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ளலாம்; பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் லாரி பேர்ட் பெயரால் வழங்கும் விதிவிலக்கு அதற்குத்தான். அந்த சீசன் கணக்கில் 18.79 கோடியைத் தாண்டினால் ஆடம்பர வரி. 19.59 கோடியில் முதல் ஏப்ரன், 20.78 கோடியில் இரண்டாம் ஏப்ரன் என்று மேலும் இரண்டு கோடுகள் உண்டு. இந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டிய அணி, அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் வர்த்தகத்தில் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரருக்கு ஈடாகக் கொடுக்க முடியாது. வர்த்தகத்தில் பணம் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது. ஏழு ஆண்டுகளுக்குப் பிந்தைய முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு, அதாவது லீகுக்குப் புதிதாக வரும் இளம் வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, முடக்கப்படும். வரியை மட்டும் வைத்திருந்தவரை, கட்டிவிட்டுப் போகிறேன் என்று சொல்லும் முதலாளிகள் இருந்தார்கள். ஏப்ரன் விதிகள் பணத்தால் கழுவ முடியாத தண்டனைகள் என்பதால் உண்மையிலேயே கடிக்கின்றன. 2024-ல் பட்டம் வென்ற பாஸ்டன் அணி, அடுத்த ஆண்டுக் கோடையில் ஜ்ரூ ஹாலிடேயைப் போர்ட்லாந்துக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியதற்கு முதன்மையான காரணம் இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே இறங்க வேண்டியிருந்ததுதான்.

பணத்தை அளவுகோலாக வைப்பதில் உள்ள ஓட்டை வெளிப்படையானது. சம்பளம் என்பது வீரரின் இன்றைய திறமையின் விலை அல்ல, ஒப்பந்தம் எழுதிய நாளில் இரு தரப்பும் ஊகித்த விலை. ஸ்டீஃபன் கரி 2012-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியோடு நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டபோது அவருடைய கணுக்கால் எவ்வளவு நாள் தாங்கும் என்பதே சந்தேகமாக இருந்தது. 2016-ல் அவர் ஒரு வாக்குகூடச் சிதறாமல் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான முதல் ஆட்டக்காரர் ஆனார். அதற்கடுத்த சீசனில் 1.21 கோடி டாலர் சம்பளத்தோடு தன் அணியிலேயே நான்காவது இடத்தில் இருந்தார். அதே 2016 கோடையில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் வந்து உச்சவரம்பு 7 கோடியிலிருந்து ஒரே தாவலில் 9.41 கோடிக்கு ஏறியது. 73 ஆட்டங்களை வென்று முடித்திருந்த அந்த அணிக்கு இன்னொரு நட்சத்திரமான கெவின் டுராண்ட் வந்து சேர இந்த இரண்டு விபத்துகளும் சேர்ந்துதான் இடம் உண்டாக்கின. இப்போது உச்சவரம்பு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதற்கு அந்தக் கோடை ஒரு பாடமாக அமைந்தது.

ஆஸ்திரேலிய வழி இந்த ஓட்டையை அடைப்பதுபோலத் தோன்றும். சம்பள வரம்போடு கூடவே, ஒவ்வொரு வீரருக்கும் முந்தைய ஆட்டத் தரவுகளைக் கொண்டு 1 முதல் 10 வரை மதிப்புப் புள்ளி வழங்கப்பட்டது. பத்துப் பேர் கொண்ட அணியின் கூட்டுத்தொகை 70-ஐத் தாண்டக்கூடாது. சம்பளச் சீட்டில் மறைந்திருக்கும் மலிவு விலை நட்சத்திரம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. கரியைப் போன்ற ஒருவர் எவ்வளவு குறைவாகச் சம்பளம் வாங்கினாலும் அவர் 10 புள்ளிதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். கரி, டுராண்ட், அவர்களின் சக வீரர்கள் கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன் நால்வருக்கும் தலா 10 என்று வைத்தாலும் 40 புள்ளிதான் ஆகிறது. மீதி 30 புள்ளியை ஆறு பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 5 வரும், அதாவது சுமாரான மாற்று வீரர்களோடு அந்த அணி விதிக்கு உட்பட்டே களமிறங்கியிருக்கும். எந்த அணியைத் தடுக்க வேண்டும் என்று புள்ளி முறையின் ஆதரவாளர்கள் வாதாடுவார்களோ, அந்த அணியையே 70 என்ற எண் தடுக்காது. எண்ணை 60-க்குக் குறைத்தால் ஓரளவு நெருக்கும். அப்போது நடுத்தர அணிகளும் சேர்ந்து மூச்சுத் திணறும்.

இதைவிட ஆழமான குறை வேறொன்று. விலையை வீரர் தானே குறைத்துக்கொள்ள முடியும். புள்ளியை அவரால் குறைத்துக்கொள்ள முடியாது. நியூயார்க் நிக்ஸ் அணியின் ஜேலன் பிரன்சன் 2024 ஜூலையில் நான்கு ஆண்டுகளுக்கு 15.65 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு 26.9 கோடி வரை கேட்டிருக்கலாம். அவர் விட்டுக்கொடுத்தது அணிக்கு மற்ற வீரர்களை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. புள்ளி முறையில் இப்படி ஒரு பேச்சுவார்த்தையே நடக்க வழியில்லை. கடந்த ஆண்டுத் தரவுகளால் 9 புள்ளி சுமக்கும் முப்பத்தைந்து வயதுக்காரர், முழங்கால் தேய்ந்துபோய், பாதிச் சம்பளத்துக்கும் சம்மதித்து, மாற்று வீரராக உட்காரவும் தயாராக இருந்தாலும், 66 புள்ளியில் நிற்கும் அணி அவரைத் தொட முடியாது. அவர் கேட்பது பணமாக இருந்தால் பேசித் தீர்க்கலாம். அவர் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணோ வேறு யாரோ ஒட்டியது.

வளர்ச்சியைத் தண்டிப்பதும் இதே முறைதான். 4 புள்ளியோடு வந்த இளைஞரை ஓர் அணி இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து 8 புள்ளிக்கு உயர்த்தினால், அந்த உழைப்புக்குக் கிடைக்கும் பரிசு, வேறு எங்காவது 4 புள்ளியை வெட்டியாக வேண்டும் என்ற கட்டாயம். என்பிஏவின் பேர்ட் விதிவிலக்கு இதற்கு நேர் எதிராக, வளர்த்தவரே வைத்துக்கொள்ளட்டும் என்கிறது. இருபது பயிற்சியாளர்களை ஓர் அறையில் நிறுத்தி எந்த விதியின் கீழ் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆஸ்திரேலிய லீக் 2016-ல் புள்ளி முறையைக் கைவிட்டு, தாண்டினால் கட்டணம் செலுத்த வேண்டிய தளர்வான சம்பள வரம்புக்கு மாறியது. வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கையும் இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தப்பட்டது.

ஆட்களின் எண்ணிக்கைக்கான வரம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் பெரும்பாலும் அது பண வரம்பின் நிழலாகவே நடந்துகொள்கிறது. என்பிஏ அணி 15 முழு ஒப்பந்த வீரர்களையும், துணை லீகுக்கும் முதன்மை அணிக்கும் இடையே போய்வரும் இருவழி ஒப்பந்த வீரர்கள் மூவரையும் வைத்துக்கொள்ளலாம். வரி கட்டும் அணிகள் பதினைந்தாவது இருக்கையைக் காலியாக விடுவது வழக்கம். பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏ லீகில் 2025 வரை இருந்த, விதிவிலக்கு இல்லாத கறாரான வரம்பு இன்னும் கடுமை. 12 பேரை வைத்துக்கொள்ள அனுமதி இருந்தும், பன்னிரண்டாவது ஆளுக்குக் கணக்கில் இடமில்லாமல் 11 பேரோடு சீசனைக் கழித்த அணிகள் பல.

சம்பள முறைக்காக இவ்வளவு பேசிவிட்டு, அதற்குள்ளேயே ஒரு மதிப்புப் புள்ளி முறை ஒளிந்திருப்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. என்பிஏவில் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சச் சம்பளம், அவர் ஆடிய ஆண்டுகளைப் பொறுத்து உச்சவரம்பில் 25, 30 அல்லது 35 விழுக்காடு. லீகின் ஆண்டுச் சிறந்த வீரர்களைக் கொண்டு தாளில் மட்டும் அமைக்கப்படும் ‘ஆல்-என்பிஏ’ அணிகளில் இடம்பெற்றால் சிலர் ஒரு படி மேலே போகலாம். அந்த அணிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் பத்திரிகையாளர்கள். 2021-ல் பாஸ்டன் அணியின் ஜேசன் டேட்டம் அந்தப் பட்டியலில் இடம்பெறாததால் 19.5 கோடி வரை போயிருக்கக்கூடிய ஒப்பந்தம் 16.3 கோடியில் நின்றது. இதோடு, விருதுக்குத் தகுதி பெற 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி 2023-24-ல் சேர்ந்தது. அந்த ஆண்டு இண்டியானா அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன், பின்தொடைத் தசைக் காயம் முழுதாக ஆறுவதற்கு முன்பே, இவ்வளவு நிமிடங்களுக்கு மேல் ஆடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு களத்துக்கு வந்து எண்ணிக்கையை நிரப்பினார்; பட்டியலின் மூன்றாம் அணியில் இடமும் ஏறத்தாழ 4 கோடி டாலரும் கிடைத்தன. சந்தை விலை என்று நாம் சொல்லிக்கொள்வதன் உச்சியில் வாக்குச் சீட்டோடு ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியக் குழுவாவது புள்ளிவிவரத்தைப் பார்த்து எண் போட்டது.

அப்படியானால் வீரருக்கு எண் போடுவதே தவறா என்றால், அதற்குச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து வேறு விடை சொல்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை, அரைப் புள்ளி இடைவெளியில் ஒரு எண் உண்டு. உடற்பகுதியைக் கட்டுப்படுத்தும் தசைகள் ஏறக்குறைய இயங்காதவருக்கு 1.0, இயக்கக் குறைபாடு மிகக் குறைவாக உள்ளவருக்கு 4.5. களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை சர்வதேச ஆட்டங்களில் எந்த நொடியிலும் 14-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் பயிற்சியாளர் மீது டெக்னிக்கல் ஃபவுல். ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடும் ஜெர்மானிய லீகில் பெண் வீரர்களுக்குப் புள்ளிக் கழிவும் தரப்படுகிறது. இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கான கூட்டமைப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது என்பதால், தமிழ் வாசகர்களில் சிலர் இந்தக் கணக்கை நேரிலேயே பார்த்திருக்கலாம்.

இந்த எண் திறமையை அளப்பதில்லை. உடல் எந்த அளவுக்கு இயங்கும் என்பதை அளக்கிறது. கனடாவுக்காக 2000, 2004, 2012 பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற பேட்ரிக் ஆண்டர்சனுக்கும் 4.5 தான், அதே அளவு இயக்கமுள்ள ஒரு தொடக்கநிலை ஆட்டக்காரருக்கும் 4.5 தான். எனவே நாளெல்லாம் பயிற்சி செய்து எறிதலைச் செம்மைப்படுத்திக்கொண்டவரின் எண் ஏறாது, அவரை உருவாக்கிய அணிக்குத் தண்டனையும் இல்லை. இந்த முறையின் நோக்கமும் வேறு: குறைபாடு அதிகமுள்ளவர்களுக்குக் களத்தில் இடம் உறுதியாக இருக்க வேண்டும் என்பதே அது. குறை இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். டோக்கியோ பாராலிம்பிக்குக்கு முன் சர்வதேச பாராலிம்பிக் குழு வற்புறுத்தியதால் 4.0, 4.5 வகை வீரர்கள் மறுபரிசீலனைக்கு உள்ளாகி, ஆண்டுக்கணக்கில் ஆடிவந்த சிலர் தகுதியற்றவர்கள் என்று வெளியேற்றப்பட்டார்கள். கோட்டை எங்கே இழுப்பது என்ற சண்டை இங்கும் உண்டு, ஆனால் அது தகுதியின் எல்லையைப் பற்றிய சண்டை. யார் நன்றாக ஆடுகிறார் என்பதைப் பற்றியது அல்ல.

ஆட்டத்தின் நடுவே இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு மாற்றத்தில் பார்க்கலாம். களத்தில் 4.5, 4.0, 2.5, 2.0, 1.0 நிற்கிறார்கள், கூட்டினால் சரியாக 14. அதில் 1.0 வீரர் ஐந்தாவது ஃபவுலோடு வெளியேறுகிறார். அவர் கூடை போட்டது சொற்பமாக இருக்கலாம். ஆனால் தன் நாற்காலியைச் சரியான கோணத்தில் நிறுத்தி எதிரணியின் உயரமானவரை வழிமறித்து, 4.5 வீரர் கூடைக்கு அருகே போக இடம் திறந்து கொடுத்தவர் அவர்தான். வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் மிகக் குறைந்த எண் 1.5. அவரை உள்ளே அனுப்பினால் 14.5 ஆகிவிடும் என்பதால், பயிற்சியாளர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் 2.5 வீரரையும் கூடவே வெளியே அழைத்து, இன்னொரு 2.0 வீரரைத் தேட வேண்டியிருக்கிறது.