கல்லூரிக் கால்பந்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள்: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

டல்லஸுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன் பக்கங்களில் உயர்நிலைப் பள்ளி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து (இங்கே கால்பந்து என்று நான் சொல்வதெல்லாம் அதைத்தான்) ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கல்லூரி அணியில் இடமும் அதற்கான உதவித்தொகையும் வாங்கித் தருவதாகச் சொல்லி எங்களிடம் பணம் வாங்கிய ஒரு நிறுவனம், வாங்கிய பணத்துக்கு உருப்படியாக எதையும் செய்யவில்லை. செய்ததாகக் காட்டியவற்றில் பாதி பொய், மீதி எந்தக் குடும்பமும் செலவில்லாமல் தானே செய்துகொள்ளக்கூடியது. எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னால், உங்களை அணுகுபவர் அதே வழியில் வருகிறாரா என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

என் மகன் சிறு வயதிலிருந்து சாக்கர் ஆடியவன். பத்தாம் வகுப்பில் அவன் உதைக்கும் தூரத்தைப் பார்த்த பள்ளிப் பயிற்சியாளர், அவனைக் கால்பந்து அணியில் கிக்கராக, அதாவது பந்தை உதைப்பதற்கென்றே உள்ள ஆட்டக்காரனாக, சேர்த்துக்கொண்டார். கல்லூரி அணிகளைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் அதன் பிறகுதான் தொடங்கியது. 2024 வசந்த காலத்தில், நெடுஞ்சாலை ஓரத்து விடுதி ஒன்றின் கூட்ட அரங்கில் இலவசக் கருத்தரங்கு நடப்பதாகவும், மகன் அதற்குத் ‘தேர்வு’ செய்யப்பட்டிருப்பதாகவும் மின்னஞ்சல் வந்தது. அரங்கு நிறையப் பெற்றோர். உரை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனி மேசைக்கு அழைத்தார்கள். எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர் மடிக்கணினியில் மகனின் காணொளியைச் சில வினாடிகள் ஓடவிட்டு, “இவன் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) தரத்தில் இருக்கிறான், ஆனால் இவனைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. இன்று இரவுக்குள் சேர்ந்தால் 3,400 டாலர், நாளை முதல் விலை வேறு” என்றார். அதற்கு மேல் ‘இணையப் பக்கப் பராமரிப்பு’ என்று மாதம் 99 டாலர்.

இங்கேயே ஒரு சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். விற்பவர் தன் நிலையான கடையிலோ அலுவலகத்திலோ அல்லாமல், விடுதி அரங்கு போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலருக்கோ அதற்கு மேலோ விற்றால், வாங்கியவர் மூன்றாவது வேலை நாள் நள்ளிரவு வரை காரணம் எதுவும் சொல்லாமல் அதை ரத்து செய்யலாம். இது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. விற்பவர் இந்த உரிமையை வாயால் சொல்ல வேண்டும். ரத்துப் படிவத்தின் இரண்டு நகல்களையும் அப்போதே கையில் கொடுக்க வேண்டும். எங்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, படிவமும் கொடுக்கவில்லை. முழுக்கத் தொலைபேசியிலோ இணையத்திலோ நடக்கும் விற்பனைக்கு இந்த விதி பொருந்தாது. ஆகவே அழைப்பு எந்த வழியில் வந்தது, கையெழுத்து எங்கே போடப்பட்டது என்பதை நாள், இடத்தோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டிய பிறகு வந்த முதல் ‘சேவை’ காணொளித் தொகுப்பு. மகன் ஆட்டங்களில் அடித்த ஃபீல்டு கோல்களை (கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் புள்ளிகளை) ஒட்டி, பின்னணி இசை போட்டு அனுப்பியிருந்தார்கள். உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் பந்தை 2 அங்குல உயர ரப்பர் கட்டையின் மேல் நிறுத்தி உதைக்கலாம். கல்லூரியில் அது கிடையாது. 1989 முதல் ஃபீல்டு கோலுக்குப் பந்து தரையிலிருந்தே உதைக்கப்பட வேண்டும். எனவே கிக்கரைத் தேடும் கல்லூரிப் பயிற்சியாளர் முதலில் பார்க்க விரும்புவது கட்டையில்லாமல் உதைத்த காட்சியைத்தான். அதோடு, பந்து பின்னால் எறியப்பட்ட கணத்திலிருந்து கால் படும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது, ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்-ஆஃபில் பந்து எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்பதையும் கவனிப்பார்; முன்னது ஏறத்தாழ 1.3 வினாடிக்குள் இருக்க வேண்டும், பின்னது 4 வினாடியை ஒட்டி இருக்க வேண்டும். நிறுவனம் தயாரித்த தொகுப்பில் தரையிலிருந்து உதைத்த காட்சி ஒன்றுகூட இல்லை. பந்து காலில் படுவதற்கு முந்தைய பகுதியை அழகுக்காக வெட்டியிருந்ததால் நேரத்தைக் கணக்கிடவும் வழியில்லை. எங்களுக்கென்று அவர்கள் நியமித்த ‘சிறப்பு மதிப்பீட்டாளர்’ இதை ஒருமுறையும் குறிப்பிடவில்லை. பள்ளிப் பயிற்சியாளர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமையே மைதானத்தில் கைபேசியில் புதிதாகப் படம் பிடித்து, விளையாட்டுக் காணொளிகளைப் பகிரும் ஹட்ல் தளத்தில் ஏற்றி, கல்லூரிகளுக்கு மகனே அனுப்பினான்.

இரண்டாவது ‘சேவை’, எந்தெந்தக் கல்லூரிகள் மகனின் பக்கத்தைப் பார்த்தன என்று வாரந்தோறும் வந்த பட்டியல். முதலில் எங்களுக்கு அது பெரிய நம்பிக்கையாக இருந்தது. ஒரு நாள் என் கணவர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தேடியபோது, ‘மிகுந்த ஆர்வம்’ என்று குறிக்கப்பட்டிருந்த ஒரு கல்லூரியில் கால்பந்து அணியே இல்லை என்பது தெரிந்தது. விளக்கம் கேட்டு எழுதினோம். ‘தரவுப் பிழை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பட்டியலில் உண்மையில் யாராவது பார்த்திருந்தார்களா என்பதற்கு இன்றுவரை எந்தச் சான்றும் தரப்படவில்லை.

அடுத்தது பயிற்சி முகாம்களுக்கான ‘பிரத்தியேக அழைப்பு’கள். கல்லூரிகள் நடத்தும் முகாம்கள், வயது, வகுப்பு, எண்ணிக்கை போன்ற வரம்புகளைத் தவிர, பணம் கட்டும் எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏவின் விதி. அழைப்பிதழில் பிள்ளையின் பெயர் அச்சிட்டிருப்பதாலேயே பயிற்சியாளர் அவனை அறிவார் என்று பொருளாகாது. நாங்கள் போன முகாம் ஒன்றில் கிக்கர்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்குச் சில உதைகள் கொடுத்தார்கள். கிக்கர்களைக் கவனிக்கும் சிறப்பு அணிகளின் பயிற்சியாளர் தள்ளி நின்று, தாம் ஏற்கெனவே கடிதத் தொடர்பில் வைத்திருந்த இரண்டு பையன்கள் உதைக்கும்போது மட்டும் அருகில் வந்தார். முகாம்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கல்லூரிக்கு அந்த ஆண்டு கிக்கர் தேவையா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு போனால் பயன் உண்டு. எங்களைப் பதிவுக் கட்டணம் கட்டவைத்த நிறுவனம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட முயலவில்லை.

பெரிய ஏமாற்றம் 2024 கோடையில் தொடங்கியது. வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ‘ஆஃபர்’ வந்துவிட்டது என்று நிறுவனம் கொண்டாட்டமாக அறிவித்தது. மகனின் படத்தோடு வண்ண அட்டை தயாரித்து, எக்ஸ் தளத்தில் போடச் சொன்னது. கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம், “அக்கா, பையனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிடுச்சாமே” என்று வாழ்த்தினார்கள். அந்தப் பல்கலைக்கழகப் பயிற்சியாளரிடம் மகன் பேசிய பிறகுதான் அது பிரிஃபர்டு வாக்-ஆன் இடம் என்று தெரிந்தது. அதாவது, அணியில் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு டாலர்கூட உதவித்தொகை கிடையாது. வெளிமாநில மாணவருக்கான முழுக் கல்விக் கட்டணத்தையும் நாமே கட்ட வேண்டும். கிக்கர்களைப் பல கல்லூரிகள் இப்படித்தான் முதலில் எடுக்கின்றன. ஆடித் தன்னை நிரூபித்த பிறகு உதவித்தொகை கொடுப்பதும் உண்டு. அதில் தவறில்லை. தவறு, இதை உதவித்தொகை என்று எங்களிடம் சொன்னது.

அந்தக் கோடையில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் கணக்கே மாறிக்கொண்டிருந்தது. அதுவரை டிவிஷன் 1-இன் மேல்தட்டுக் கால்பந்து அணி 85 பேருக்கு உதவித்தொகை தரலாம். அதற்கு மேல் வாக்-ஆன்களைச் சேர்த்துப் பல அணிகள் 120 பேருக்கும் மேல் வைத்திருந்தன. கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது தொடுக்கப்பட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டு விதிகள் 2024 ஜூலையில் நீதிமன்றத்தில் தாக்கலானபோது, உதவித்தொகை உச்சவரம்புக்குப் பதிலாக அணிப்பட்டியலுக்கே 105 பேர் என்ற வரம்பு வரப்போவது வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது. முதலில் வெட்டப்படுபவர்கள் வாக்-ஆன்களாகத்தான் இருப்பார்கள் என்பதை இந்தத் துறையில் இருப்பவர் எவரும் அறிவார். அதே ஆகஸ்டில்தான், ‘இட உறுதித் திட்டம்’ என்ற பெயரில் கூடுதல் கட்டணம் கேட்டு நிறுவனம் எங்களிடம் வந்தது. 105 என்ற எண்ணை அவர்கள் வாயே திறக்கவில்லை.

அந்தக் கூடுதல் ஒப்பந்தத்தில் இன்னும் ஆபத்தான ஒரு வரி இருந்தது: உதவித்தொகை கிடைத்தால் அதன் மதிப்பில் 5 விழுக்காட்டை நிறுவனத்துக்குத் தர வேண்டும். கையெழுத்துக்கு முன் அதைப் படித்துப் பார்த்த பள்ளிப் பயிற்சியாளர் எங்களைத் தடுத்தார். மாணவரின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்ப ஒரு சேவைக்குக் கட்டணம் கொடுப்பதை என்சிஏஏ அனுமதிக்கிறது. ஆனால் அந்தக் கட்டணம் கல்லூரியில் இடம் கிடைப்பதையோ உதவித்தொகையின் அளவையோ பொறுத்து அமைந்தால், அந்தச் சேவை முகவராகக் கருதப்பட்டு, மாணவர் அந்த விளையாட்டை ஆடும் தகுதியையே இழக்க நேரிடும். பிள்ளைகளின் எதிர்காலத்தை நம்பிக் கொடுத்த குடும்பங்களிடம் இப்படியொரு தாளை நீட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களிடம் விழுக்காடு என்ற சொல் உள்ள ஒப்பந்தம் வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

டிசம்பரில் அந்தப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்து, பட்டியலைக் குறைப்பதால் இடம் இல்லை என்று மகனிடம் மரியாதையாகவே சொன்னார். வாய்மொழி வாக்குறுதி இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. எழுத்துமூலமான உதவித்தொகை முன்மொழிவையே பன்னிரண்டாம் வகுப்பின் ஆகஸ்ட் 1-க்கு முன் கல்லூரி கொடுக்க முடியாது. இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று மாணவர் கையெழுத்திடும், முன்பிருந்த தேசிய விருப்பக் கடிதமும் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டதால், இப்போது கையில் இருக்க வேண்டியது கல்லூரி கையெழுத்திட்ட நிதியுதவி ஒப்பந்தம் மட்டுமே. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் இறுதி ஒப்புதல் அளித்தபோது, வரம்பு காரணமாக வாக்களிக்கப்பட்ட இடத்தை இழந்த பள்ளி மாணவர்களையும் 105-இல் கணக்கிடாமல் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு வழி செய்யப்பட்டது; சேர்த்துக்கொள்வது கல்லூரியின் விருப்பம். அப்படி ஒரு வழி இருப்பதை நாங்கள் செய்தியில் படித்துத்தான் அறிந்தோம். எங்களிடம் மாதக் கட்டணத்தை அப்போதும் எடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் ஒரு வரிகூட எழுதவில்லை.

இடையில், சமாதானமாக ஒரு சிறிய தனியார் கல்லூரியின் ‘70 விழுக்காடு கால்பந்து உதவித்தொகை’யைக் கொண்டுவந்தார்கள். அது டிவிஷன் 3 கல்லூரி. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. அவர்கள் காட்டிய தொகை, மதிப்பெண்ணுக்காகவும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் அங்கே சேரும் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் கட்டணச் சலுகை. கல்லூரிகள் தங்கள் தளத்தில், உதவிகள் போகக் குடும்பம் கட்ட வேண்டிய தொகையைக் காட்டும் நிகரச் செலவுக் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டமே இருக்கிறது. அதில் எங்கள் விவரங்களைப் போட்டபோது, கால்பந்தை எங்கும் குறிப்பிடாமலே ஏறத்தாழ அதே தொகை வந்தது.

தகுதிச் சான்றுக்கு உதவுவதாகத் தனியாக வாங்கிய பணத்தையும் சொல்ல வேண்டும். என்சிஏஏ தகுதி மையத்தில் மாணவரே கணக்குத் தொடங்கலாம். டிவிஷன் 1-க்கு ஆங்கிலம், கணிதம் போன்ற 16 மையப் பாடங்களும் அவற்றில் 4-க்கு 2.3 சராசரியும் தேவை. அவற்றில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். இதைப் பள்ளி ஆலோசகர் ஒரே சந்திப்பில், பணம் ஏதும் வாங்காமல், மகனின் மதிப்பெண் பட்டியலை வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தார். பெற்றோர் பத்தாம் வகுப்பிலேயே அவரைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அந்தப் பத்துப் பாடங்களில் உள்ள குறை கடைசி ஆண்டில் தெரியவந்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘நாங்கள் விற்றது கல்லூரிகளின் பார்வையில் படும் வாய்ப்பை, முடிவை அல்ல’ என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துச் சிறு எழுத்துகளைக் காட்டினார்கள். கடன் அட்டை வங்கியில் மறுப்புத் தெரிவித்ததில், நாங்கள் ரத்து செய்யச் சொல்லி எழுதிய பிறகும் எடுக்கப்பட்ட மாதக் கட்டணங்கள் திரும்பக் கிடைத்தன. முதலில் கட்டிய 3,400 டாலர் கிடைக்கவில்லை. ரத்துப் படிவம் தராததைக் குறிப்பிட்டு, விடுதிக் கருத்தரங்கின் மின்னஞ்சல், ஒப்பந்தம், கால்பந்தே இல்லாத கல்லூரியைக் காட்டிய பட்டியல் ஆகியவற்றை இணைத்து, டெக்சாஸ் தலைமைச் சட்ட அதிகாரியின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அதே அரங்கில் கையெழுத்திட்ட இன்னொரு குடும்பமும் தங்கள் தாள்களைத் தேடி எடுத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறது. அங்கே பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால், உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, ரத்துப் படிவம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் நீங்களும் அதே பிரிவுக்கு எழுதுங்கள்.